வாசலில் ஆயில் மாற்றுகிறவர்களுக்கு

நேயர்களுக்கு என் வணக்கம். தண்டையார்பேட்டையில் என் வீட்டு வாசலிலேயே, இருபது ஆண்டுகளுக்கும் மேலாக என் காருக்கு நானே இன்ஜின் ஆயிலும் ஃபில்டரும் மாற்றி வருகிறேன். அந்த வேலையைத் தாமும் செய்து பார்க்க வேண்டும் என்று நினைக்கிறவர்களுக்கு, கை தவறக்கூடிய இடங்களை எடுத்துச் சொல்வதற்காகவே வந்திருக்கிறேன். உத்தரவாதக் காலம் முடியாத வண்டி வைத்திருப்பவர்கள் மட்டும் அது முடியும்வரை பணிமனைக்கே விடுங்கள்; பின்னால் ஏதேனும் பழுது வந்தால் அவர்களிடம் காட்ட சர்வீஸ் ரசீது வேண்டியிருக்கும்.

பல கார்களின் கையேட்டில் 10,000 கிலோமீட்டர் அல்லது 1 ஆண்டு, எது முந்துகிறதோ அப்போது ஆயிலை மாற்றும்படி எழுதியிருக்கும். நின்று நின்று ஓடும் வண்டிக்கும் புழுதியில் ஓடும் வண்டிக்கும் அந்த இடைவெளியைக் குறைக்க வேண்டும் என்று அதே கையேடு சற்றுத் தள்ளிச் சொல்வதைப் பலர் படிப்பதில்லை. எண்ணூர் விரைவு சாலையில் கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே இன்ஜினை ஓடவிட்டபடி அரை மணி நேரம் நிற்கும்போது மீட்டரில் ஒரு கிலோமீட்டர்கூட ஏறாது. ஆனால் அந்த அரை மணி நேரமும் ஆயில் உழைத்துக்கொண்டேதான் இருக்கும். துறைமுகத்துக்கும் மணலிக்கும் அன்றாடம் போய்வரும் என் வண்டிக்கு நான் 5,000 கிலோமீட்டரைத் தாண்ட விடுவதில்லை.

ஆயில் வாங்கும்போது, நம் ஊர் வெயிலுக்குக் கெட்டியான ஆயில்தான் தாங்கும் என்று கடையில் யாராவது சொல்வார்கள். 5டபிள்யூ-30 என்று டப்பாவில் இருந்தால், பின்னால் வரும் 30 என்பது 100 டிகிரி செல்சியஸில் அந்த ஆயில் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதைக் குறிக்கும். வெளியே 25 டிகிரியோ 42 டிகிரியோ, சூடேறி ஓடும் இன்ஜினுக்குள் ஆயில் ஏறக்குறைய அந்த 100 டிகிரியில்தான் இருக்கும்; அந்தச் சூட்டைக் குளிர்நீரும் விசிறியும் கட்டுக்குள் வைத்திருக்கின்றன. ஆகவே கையேடு எந்த எண்ணைச் சொல்கிறதோ அதையே வாங்குங்கள். சிறிய பெட்ரோல் கார்களுக்குப் பெரும்பாலும் 3 லிட்டர் முதல் 3½ லிட்டர் வரை பிடிக்கும்.

நம் தெருக்களில் சமமான இடம் கிடைப்பதே அரிது என்றாலும், சரிவில் நிற்கும் வண்டியை ஒருபோதும் தூக்காதீர்கள். ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, முதல் கியரில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்த பிறகே ஜாக்கியை வையுங்கள். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியை இரும்பு ஸ்டாண்டுகள்தான் தாங்க வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சொல்லாமல் உடையும் என்பதால், ஸ்டாண்டு கிடைக்காத நாளில் வேலையைத் தள்ளிப்போடுவதே நல்லது.

இன்ஜினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும் மேலே ஆயில் மூடியைத் திறந்துவிட்டுக் கீழே போங்கள். ஐந்து லிட்டராவது கொள்ளும் அகலமான சட்டியை வைத்து, ரிங் ஸ்பேனரால், ஆயில் வடியும் துளையை அடைத்திருக்கும் டிரெயின் போல்ட்டை, அதன் தலையைப் பார்த்தபடி, கடிகார முள்ளுக்கு எதிராகத் தளர்த்துங்கள். கடைசிச் சுற்றுகளைக் கையால் சுற்றும்போது போல்ட்டை உள்நோக்கி அழுத்திக்கொண்டே சுற்றிவிட்டுச் சட்டென்று விலக்கினால், ஆயில் முழங்கை வரை வழியாது. பழைய ஆயில் தோலுக்குக் கெடுதல் என்பதால் கையுறை அவசியம். போல்ட்டைத் திரும்பப் போடும்போது புது வாஷர் போடுங்கள். அந்தப் போல்ட் இறங்கும் ஆயில் சேம்பர், அதாவது இன்ஜினுக்கு அடியில் ஆயில் தங்கும் தொட்டி, பல வண்டிகளில் அலுமினியம் என்பதால், ஆத்திரத்தோடு முறுக்கினால் மரை போய்விடும். பிறகு சேம்பரையே கழற்ற வேண்டிவரும்.

அடுத்தது ஃபில்டர். நான் அதிகம் சொல்ல வேண்டியது இதைப் பற்றித்தான். ஆயில் மாற்றத் தொடங்கிய புதிதில் ஒருநாள், பழைய ஃபில்டரைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதியதை மாட்டி, மூன்று லிட்டர் ஊற்றி, நிம்மதியாக மணலிப் பக்கம் கிளம்பினேன். வழியிலேயே டேஷ்போர்டில் ஆயில் குடுவைச் சின்னம் சிவப்பாக எரிந்தது. உடனே இன்ஜினை அணைத்து இறங்கிப் பார்த்தால், வந்த வழியெல்லாம் கறுப்புக் கோடு. பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் இன்ஜினோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டிருந்தது; அதைப் பார்க்காமல் அதன் மேலேயே புது ஃபில்டரின் வளையத்தை அமர்த்தியிருந்தேன். வளையத்தின் மேல் வளையம் நிற்காது. அழுத்தம் ஏறியதும் ஒன்று பிதுங்கி, ஆயில் முழுவதும் வெளியேறிவிட்டது. விளக்கு எரிந்த பிறகும் ஒரு கிலோமீட்டர் ஓட்டியிருந்தால் அந்த இன்ஜின் பிழைத்திருக்காது.

அன்றிலிருந்து ஃபில்டரைக் கழற்றியதும் அதைத் திருப்பி, வளையம் அதிலேயே இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறேன். ஃபில்டர் உட்காரும் இடத்தைத் துணியால் துடைத்து, விரல் நுனியால் ஒரு சுற்றுத் தடவிப் பார்க்கிறேன். புது வளையத்தில் ஒரு சொட்டு ஆயில் தடவிக் கையாலேயே திருகி, அது போய்த் தொட்டதும் இன்னும் முக்கால் சுற்று மட்டும் இறுக்குகிறேன்.

இனி 3 லிட்டர் ஊற்றி, சில நிமிடம் பொறுத்து, ஆயில் அளவைக் காட்டும் குச்சியான டிப்ஸ்டிக்கைப் பார்த்துப் பார்த்து மீதியைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மேல்கோட்டைத் தாண்டினால், சுழலும் கிராங்க் தண்டு ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். இன்ஜினை ஓடவிட்டால் சிவப்பு விளக்கு சில வினாடிகளில் அணைய வேண்டும். கீழே கசிவு இருக்கிறதா என்று பாருங்கள்; பத்து நிமிடம் நிறுத்திவைத்து அளவை மறுபடி பாருங்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் கறுத்திருப்பதைக் கண்டு பயப்பட வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயில் சில நூறு கிலோமீட்டரிலேயே கறுத்துவிடும். பால் கலந்த காபி நிறத்தில் இருந்தால்தான் பயப்பட வேண்டும், ஏனென்றால் உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் மழைநீரில் நின்ற வண்டியை, இதைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

இனிப் பழைய ஆயில். 2017 ஜனவரியில் எண்ணூர்க் கடலில் இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையில் ஒதுங்கிய எண்ணெயை வாளிகளால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவி, மீனவர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப்போயின. அதைக் கண்ணால் கண்ட நாம், நம் மூன்று லிட்டரை மழைநீர் வடிகாலில் ஊற்றலாமா? அந்த வடிகால்கள் பக்கிங்ஹாம் கால்வாய்க்கும் முகத்துவாரத்துக்கும்தான் போகின்றன. கரையானுக்கென்று கதவில் பூசுவதும் வேண்டாம். அபாயகரக் கழிவுகளுக்கான 2016ஆம் ஆண்டு விதிகள் பயன்படுத்திய ஆயிலையும் உள்ளடக்கியவை.

புது ஆயில் வந்த டப்பாவிலேயே புனல் வைத்துப் பழையதை ஊற்றி மூடுங்கள். மண்ணெண்ணெயோ தண்ணீரோ கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு உதவாது. ஃபில்டரை இரவு முழுவதும் சட்டியில் கவிழ்த்து வைத்தால் உள்ளே தங்கியதும் வடிந்துவிடும். பழைய ஆயிலைப் பீப்பாயில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளர்களுக்குக் கொடுக்கும் பணிமனை எது என்று உங்கள் பகுதியில் விசாரித்து அங்கே ஒப்படையுங்கள்.

அன்றிரவு வண்டிக்கு அடியில் ஓர் அட்டையை விரித்து வைப்பது என் வழக்கம். காலையில் அட்டை சொட்டுக் கறையும் இல்லாமல் காய்ந்திருந்தால், தேதியையும் மீட்டர் எண்ணையும் அதிலேயே ஒரு துண்டு கிழித்து எழுதி, கையேட்டுக்குள் வைத்துவிடுவேன். நன்றி, வணக்கம்.