நேரடி வகுப்பா, பதிவா?

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்காவில் வழக்கறிஞர் உரிமம் கையில் வந்ததோடு படிப்பு முடிந்துவிடுவதில்லை. 1975-இல் மின்னசோட்டாவும் அயோவாவும் தொடங்கிவைத்த கட்டாயத் தொடர் சட்டக் கல்வி, இன்று பெரும்பாலான மாநிலங்களில் இருக்கிறது. அனுபவமுள்ள வழக்கறிஞருக்கு நியூயார்க்கில் 2 ஆண்டுக்கு 24 மணி நேரம். கலிஃபோர்னியாவில் 3 ஆண்டுக்கு 25.

சரி, வீட்டில் உட்கார்ந்து, முன்பே பதிவுசெய்த வகுப்பைப் பார்த்தால் அது கணக்கில் வருமா? இளம் வழக்கறிஞர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்.

கலிஃபோர்னியாவில் பாதி நேரமாவது 'பங்கேற்பு' வகையில் இருக்க வேண்டும். மீதியைச் சுயகற்றலில் முடிக்கலாம். பங்கேற்பு என்றதும் அரங்கில் போய் உட்கார வேண்டுமோ என்று பலர் பயப்படுகிறார்கள். அப்படியில்லை. வகுப்பை நடத்துகிறவர் உங்கள் வருகையைச் சரிபார்க்க வேண்டும். அப்படிச் சரிபார்த்தால், இணையத்தில் பார்க்கும் பதிவும் பங்கேற்புதான். நியூயார்க்கில் வேறு வழி: பதிவின் இடையே ஒரு குறியீடு வரும், அதைக் குறித்துவைத்து உறுதிமொழிப் படிவத்தில் எழுதித் தர வேண்டும்.

ஆனால் வருகையை உறுதிசெய்வது மட்டும் போதுமா? கட்சிக்காரர் பணத்தைத் தனிக் கணக்கில் வைப்பது பற்றி ஒருமுறை இரவு பதினொரு மணிக்குப் பதிவு கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் ஒரு சந்தேகம். பதிவை நிறுத்தினேன், திரும்ப ஓட்டினேன், மூன்று தடவை கேட்டேன். பதில் அதில் இல்லை. கேட்க ஆளும் இல்லை. நேரடி வகுப்பில் நான் கேட்காவிட்டாலும் பின்வரிசையில் ஒருவர் கேட்டிருப்பார்.

பதிவு வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும், தனியாக அலுவலகம் நடத்துகிறவர்களுக்கும் அதுதான் வழி. நிலைபெற்ற நடைமுறைகளைப் படிக்க அது நேரடி வகுப்பைவிட நல்லது என்றுகூடச் சொல்வேன். 2020-இல் பெருந்தொற்று வந்தபோது பல மாநிலங்கள் நேரில் வரும் கட்டாயத்தைத் தளர்த்தின; வேலை நின்றுபோகவில்லை. இங்கிலாந்தோ 2016-இல் சொலிசிட்டர்கள் என்ற வகை வழக்கறிஞர்களுக்கு இத்தனை மணி நேரம் படிக்க வேண்டும் என்ற கணக்கையே எடுத்துவிட்டது.

விதி எழுதுகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டுதான். வகுப்பைப் பதிவு செய்த தேதியை முதல் திரையிலேயே காட்டச் சொல்லுங்கள்; தீர்ப்புகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. அப்புறம், பார்த்தவர் கேள்வி அனுப்பினால், சில நாட்களுக்குள் ஆசிரியர் பதில் தருவதை அந்த வகுப்புக்கான அங்கீகாரத்தின் நிபந்தனையாக்குங்கள். அது நடக்கும்வரை, தொழில் நெறி வகுப்பை மட்டுமாவது கேள்வி கேட்க முடிகிற இடத்தில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.