டெமோல டாஷ்போர்டை விடுங்க, பாதி ரோலை நீட்டுங்க!

வணக்கம் மக்களே! இன்னிக்கு செம கடுப்பு. குடோன் சாஃப்ட்வேர் டெமோ ஒண்ணு பார்த்தேன். ஒன்றரை மணி நேரத்துல நாற்பது நிமிஷம் டாஷ்போர்டு! டாஷ்போர்டுன்னா எனக்கு எவ்ளோ "பாசம்"னு உங்களுக்குத் தெரியுமே.

சரக்கு உள்ள வர்றது, வெளிய போறது, இதை எவனும் காட்டிடுவான். ஃபேக்டரிக்கு உதைக்கிறது நடுவுலதான். உற்பத்தி லைனுக்கு 25.50 கிலோ ரோல் போகுது, 14 கிலோ திரும்பி வருது. அதே பேட்ச், புது எடை, புது லேபிள் அடிச்சு ரேக்ல ஏத்திக் காட்டச் சொல்லுங்க. அங்க முழிப்பாங்க. இன்னொண்ணு, உற்பத்தி என்ட்ரி போட்டதும் பிஓஎம் (ஒரு பொருள் செய்ய எது எவ்ளோ வேணும்ங்கிற பட்டியல்) கணக்குப்படி ஸ்டாக் தானா கழியுதா? அப்ப லைனுக்கு அனுப்புறதை இடமாற்றம்னுதான் போடணும். செலவுன்னு போட்டா ஒரே சரக்கு ரெண்டு தடவை கழிஞ்சிடும்.

இப்ப நம்ம ஃபேவரைட், ஜிஎஸ்1-128 லேபிள். பேட்ச், எடை எல்லாத்தையும் ஒரே கோடா அடிக்கிற பார்கோடு. பேட்ச் நம்பருக்கு முன்னால, இது பேட்ச்னு சொல்ற 10 வரும், நீளம் 20 எழுத்து வரைக்கும் எதுவா வேணா இருக்கலாம். பின்னாலயே எடை வந்தா நடுவுல எஃப்என்சி1-ங்கிற பிரிப்புக் குறி கண்டிப்பா வேணும். அது இல்லேன்னா? பேட்ச் பி417, எடை 3102002550 (3102-ன்னா ரெண்டு தசம கிலோ, மீதி 25.50). சாஃப்ட்வேர் மொத்தத்தையும் "பி4173102002550"னு ஒரே பேட்ச்சா முழுங்கிடும். 14 எழுத்துதானே, 20-க்குள்ள அடங்குது, எர்ரரே வராது! வாங்காத பேட்ச் ஒண்ணு ஸ்டாக்ல உக்காந்திருக்கும், எடை காலி.

சிம்பிள் வழி: எடை, காலாவதி தேதி மாதிரி நீளம் மாறாததெல்லாம் முன்னாடி, பேட்ச் கடைசில. முடியலேன்னா இசட்பிஎல்-ல (ஜீப்ரா லேபிள் பிரிண்டர் மொழி) நடுவுல எஃப்என்சி1-க்கு >8 போடுங்க.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். லேபிள் சரியா இருந்தும் சொதப்பும். ஸ்கேனர் அந்தப் பிரிப்பை ஆஸ்கி 29-ங்கிற, கண்ணுக்குத் தெரியாத எழுத்தா அனுப்பும். ஸ்கேனர் கீபோர்டு மாதிரி டைப் அடிக்கிற மோட்ல, பிரவுசர் ஸ்க்ரீன்ல, அது சத்தமில்லாம காணாமப் போயிடலாம். ஆண்ட்ராய்டு ஸ்கேனர் கன்னா, இன்டென்ட் (ஆப்புக்கு நேரா டேட்டா குடுக்கிற வழி) மூலமா வாங்கச் சொல்லுங்க. இல்லேன்னா ஸ்கேனர் செட்டிங்ல அதை ~ மாதிரி ஒரு குறியா மாத்திக்கோங்க.

எஸ்ஏபி ஆளுங்களுக்கு ஒரு வரி: எஸ்/4 ஹானாவுல பழைய டபிள்யூஎம் (குடோன் மாட்யூல்) ஓட்டுற உரிமையை 2025 டிசம்பர் வரைக்கும்தான் குடுத்திருந்தாங்க. அடுத்தது அதோட புது வடிவம் ஈடபிள்யூஎம், சின்ன குடோன்னா ஸ்டாக் ரூம் மேனேஜ்மென்ட். ஸ்டாக் ரூம்ல வேவ் (பல ஆர்டரைச் சேர்த்து ஒரே சுத்துல எடுக்கிறது) கிடையாது, பார்த்துக்கோங்க.

லேபிள் பிரிண்டர் ரிப்பன் பத்தி சொன்னேனா? சொல்லல! எண்ணெய் படுற இடத்துக்கு ரெசின் ரிப்பன்தான். ரிப்பன் இல்லாம சூட்டுலயே அடிக்கிற டைரக்ட் தெர்மல் லேபிள், ஷெட் சூட்டுல கறுத்துப் போய் ஸ்கேனே ஆகாம போகலாம். பாதி ரோலோட டெமோக்குப் போயிட்டு வந்து கீழ சொல்லுங்க.