காசோலையைத் திருப்பி அனுப்பிய சீமாட்டி

வணக்கம் நண்பர்களே. லாஸ் ஏஞ்சலிஸ் என்றதும் நம்மில் பலருக்குத் திரை நட்சத்திரங்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அந்நகரத்தின் செவ்வியல் இசைக்கு ஒரு சொந்த வீடு கட்டிக் கொடுத்தவர் நடிகையும் அல்லர், பாடகியும் அல்லர். 1901-ல் பிறந்து, 'லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ்' நாளிதழின் உரிமையாளர்களான சாண்ட்லர் குடும்பத்துக்கு மருமகளாக வந்த டோரதி சாண்ட்லர்தான் அவர்.

1951-ல் ஹாலிவுட் பவுல் என்ற திறந்தவெளி அரங்கு, கோடைக்காலக் கச்சேரிகள் தொடங்கிய சில நாள்களிலேயே பணமின்றி மூடப்பட்டபோது, இசைக்கலைஞர்களை ஊதியமின்றி வாசிக்க இசைய வைத்து, நன்கொடை திரட்டி, அதே பருவத்தில் அதை மீண்டும் திறக்க வைத்ததில் இவருக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கடுத்த வேலை இன்னும் கடினமானது. அந்நகரத்தின் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு, ஒரு தேவாலயத்துக்குச் சொந்தமான அரங்கில் வாடகைக்கு வாசித்துக்கொண்டிருந்தது. புதிய அரங்குக்காக, வரிப்பணத்தில் அடைக்கவேண்டிய கடன் பத்திரம் வெளியிடும் யோசனையை வாக்காளர்களும் ஏற்கவில்லை.

சரி, மக்கள் வரிப்பணமாகத் தர மறுத்ததை நன்கொடையாகக் கேட்டு வாங்கிவிடலாம் என்று டோரதி இறங்கினார். 1955-ல் அம்பாசடர் ஹோட்டலில் நடத்திய ஒரே இரவு விருந்தில் சுமார் 4 லட்சம் டாலர் சேர்ந்தது. ஆனால் என்னைக் கவர்ந்தது அந்த விருந்து அன்று. இதோ, என் கையில் இருக்கும் இந்தச் சாதாரணக் காகிதப் பையைப் பாருங்கள். இதைப் போன்ற பைகளை வால்ட் டிஸ்னியைக் கொண்டு வடிவமைக்கச் செய்து, ஒரு டாலர் தரக்கூடியவரிடமும் நீட்ட வைத்தார். அந்த ஒரு டாலரைப் போட்டவர் நாளை அரங்க வாசலைக் கடக்கும்போது 'இதில் என் காசும் இருக்கிறது' என்று நினைப்பார் அல்லவா? பணக்காரர்களிடம் மட்டும் அவர் கறார். தகுதிக்குக் குறைவாக எழுதிய காசோலையைத் திருப்பி அனுப்பினார் என்று அவரைப் பற்றி ஒரு கதையே உண்டு.

இப்படித் திரட்டிய தொகை 2 கோடி டாலரை நெருங்கியது. 1964 டிசம்பர் 6 அன்று அரங்கு திறக்கப்பட்டபோது, புகழ்பெற்ற வயலின் கலைஞர் ஹைஃபெட்ஸின் வாசிப்போடு இசைக்குழுவை மேடையில் நின்று நடத்தியவர் நம் மும்பையில் பிறந்த ஜுபின் மேத்தா.

மேத்தா அங்கு வந்த விதம் அவ்வளவு இனிமையானதன்று. இசை இயக்குநராக ஒப்பந்தமாகியிருந்த ஜார்ஜ் ஷோல்டி, இசைக்குழுவின் நிர்வாகம் தம்மைக் கேட்காமல் மேத்தாவைத் துணை நடத்துநராக அமர்த்தியதால் 1961-ல் விலகிக்கொண்டார். நிர்வாகக் குழுவின் தலைமையில் அப்போது இருந்தவர் டோரதிதான். பணம் திரட்டிக் கொடுப்பவரே மேடையில் யார் நிற்பது என்றும் முடிவு செய்தது சரியா என்று என்னைக் கேட்டால், இல்லை என்றே சொல்வேன். ஆனாலும் 1962-ல் தம் 26-ஆம் வயதில் இசை இயக்குநரான மேத்தா, 1978 வரை அக்குழுவை வளர்த்தெடுத்தார் என்பதையும் மறைக்க முடியாது.

ஃபில்ஹார்மோனிக் 2003-ல் பக்கத்திலேயே கட்டப்பட்ட டிஸ்னி அரங்குக்குக் குடிபெயர்ந்துவிட்டது. அந்தப் புதிய அரங்குக்கான முதல் 5 கோடி டாலரைக் கொடுத்தவரும் ஒரு பெண்தான்: காகிதப் பையை வடிவமைத்த வால்ட் டிஸ்னியின் மனைவி லிலியன்.