“சும்மாதானே கிடக்கு”ன்னு விட்ட பழைய கோடு: பாதி நீக்கின ஃபீச்சரை முழுசா எடுக்கிற வரிசை

வணக்கம் மக்களே. இன்னிக்கு கொஞ்சம் கடுப்போடதான் உக்காந்திருக்கேன். ஃபீச்சர் ஃபிளாக் (ஒரு வசதியை ஆன், ஆஃப் பண்ற ஸ்விட்ச்) வீடியோவுக்குக் கீழ ஒரே கமெண்ட்ட ஆளாளுக்கு மாத்தி மாத்தி போட்டிருக்கீங்க. “யூஸ் ஆகாத கோடுதானே ப்ரோ, அது பாட்டுக்குக் கிடக்கட்டும், எதுக்குக் கை வைக்கணும்?” இந்த வீடியோ முழுக்க அதுக்குப் பதில்தான்.

முதல்ல நைட் கேப்பிட்டல் (Knight Capital) கதை. தெரிஞ்ச கதைதானேன்னு தள்ளிவிட்டுப் போகாதீங்க, பல பேர் இதை “டெப்ளாய் சொதப்பல்”னு (சர்வர்ல புது கோடு ஏத்துறதுல நடந்த தப்பு) மட்டும்தான் சொல்றாங்க. அமெரிக்கப் பங்குச்சந்தையில ஆர்டர் அனுப்புற பெரிய கம்பெனி. பவர் பெக்னு ஒரு ஃபீச்சர் வச்சிருந்தாங்க, 2003-லயே அதை நிறுத்திட்டாங்க. நிறுத்தினாங்க, நீக்கல! 2005-ல, எத்தனை ஷேர் முடிஞ்சதுன்னு எண்ணுற பகுதியை வேற இடத்துக்கு நகர்த்தினாங்க. பவர் பெக் அதுக்கப்புறமும் போதும்னு நிக்குமான்னு யாரும் டெஸ்ட் பண்ணல. 2012-ல புது ஃபீச்சர் எழுதும்போது, பவர் பெக்கை ஆன் பண்ற அதே ஃபிளாக்கை எடுத்து புது வேலைக்குக் குடுத்தாங்க. மொத்தம் எட்டு சர்வர். ஏழுல புது கோடு ஏறிச்சு, ஒன்னுல காப்பி பண்ண விட்டுப்போச்சு. ஆகஸ்ட் 1 காலையில சந்தை திறந்ததும் அந்த ஒரு சர்வர்ல பவர் பெக் முழிச்சுக்கிச்சு. நிறுத்தத் தெரியாம ஆர்டர் அனுப்பிக்கிட்டே இருந்துச்சு. முக்கால் மணி நேரம், நஷ்டம் 46 கோடி டாலருக்கு மேல.

அய்யோ, முக்கியமானதை விட்டுட்டேன். சந்தை திறக்கிறதுக்கு முன்னாடியே, “பவர் பெக் டிஸேபிள்டு”னு சொல்ற தானியங்கி மெயில் 97 போயிருக்கு. யாரும் கண்டுக்கல. அப்புறம் பிரச்சனை பெருசானதும் என்ன பண்ணாங்க தெரியுமா? சரியா இருந்த ஏழு சர்வர்லயும் புது கோடை எடுத்துட்டாங்க. இப்ப அந்த ஏழும் சேர்ந்து பவர் பெக்கை ஓட்ட ஆரம்பிச்சிருச்சு. பழைய கோடு உள்ள கிடக்கிற வரைக்கும் ரோல்பேக் (முந்தைய வெர்ஷனுக்குத் திரும்புறது) கூட உங்களைக் காப்பாத்தாது.

சரி, நம்ம வேலைக்கு வருவோம். சி, சி++ எழுதுறவங்க நல்லா கேளுங்க, இதுல நான் கொஞ்சம் நேரம் எடுத்துக்குவேன். கான்ஃபிக் ஹெடர்ல (செட்டிங்ஸ் வைக்கிற ஃபைல்) “ஹேஷ் டிஃபைன் நியூ_பே 1”னு (#define NEW_PAY 1) இருக்கு. புது பேமெண்ட் எல்லாருக்கும் ஆன் ஆயிடுச்சு, ஸ்விட்ச் வேண்டாம்னு ஒருத்தர் அந்த ஒத்தை வரியை அழிக்கிறார். வேற ஃபைல்ல “ஹேஷ் இஃப் நியூ_பே”ல புது பேமெண்ட், கீழ “ஹேஷ் எல்ஸ்”ல பழைய பேமெண்ட். டிஃபைன் இல்லாத பேரை ஹேஷ் இஃப்ல பார்த்தா கம்பைலர் அதை 0-ன்னு எடுத்துக்கும். எரர் கிடையாது. வார்னிங்? வார்னிங்கை ஆன் பண்ற வால் (-Wall) போட்டாலும் வராது, வெக்ஸ்ட்ரா (-Wextra) போட்டாலும் வராது! பழைய பேமெண்ட் கமுக்கமா உள்ள வந்து உக்காந்துக்கும். பில்டு பச்சை, ரிவ்யூல ஒத்தை வரி டிலீட், எல்லாரும் கட்டைவிரல் தூக்கிட்டுப் போயிடுவாங்க.

இதுக்கு மருந்து “மைனஸ் டபிள்யூஎரர் ஈக்வல் அன்டெஃப்” (-Werror=undef), டிஃபைன் இல்லாத பேரை ஹேஷ் இஃப்ல பார்த்தா எரர் குடுக்கும். ஜிசிசி, கிளாங் ரெண்டு கம்பைலர்லயும் இருக்கு. வெளியாள் லைப்ரரி ஹெடர்ல இருந்து சத்தம் வந்தா, அந்த ஃபோல்டரை மைனஸ் ஐ-க்கு (-I) பதிலா மைனஸ் ஐசிஸ்டம்ல (-isystem) குடுங்க, அடங்கிடும். அழிக்கிற வேலையையும் கையால பண்ணாதீங்க, யூனிஃப்டெஃப்னு ஒரு குட்டி டூல் இருக்கு. “மைனஸ் எம் மைனஸ் டி நியூ_பே ஈக்வல் 1” (-m -DNEW_PAY=1) குடுத்து ஃபைல் பேரைக் குடுத்தா, எல்ஸ் பக்கத்தை மொத்தமா வழிச்சு எடுத்துடும். எனக்கு இந்த டூல்னா உயிரு. டிஃபைன் வரியை அழிக்கிறது இதுக்கு அப்புறம்தான்.

அப்புறம் ஒன்னு, பேர் டிஃபைன் ஆகியிருக்கான்னு மட்டும் பாக்குற “ஹேஷ் இஃப்டெஃப்”பை அன்டெஃப் வார்னிங் பிடிக்காது. அதனால ஃபீச்சர் எல்லாத்துக்கும் 0 இல்லன்னா 1-ன்னு டிஃபைன் பண்ணி ஹேஷ் இஃப் மட்டும் போடுங்க. பேருக்கு முன்னாடி “நியூ” வைக்கிறதப் பத்தி நான் புதுசா சொல்லணுமா? ரெண்டு வருஷம் கழிச்சு எது நியூ, எது ஓல்டுன்னு எவனுக்கும் தெரியாது.

வெப் ஆளுங்க சிரிக்காதீங்க, உங்களுக்கும் இதே கதைதான். ஃபிளாக் 100 சதவீதம் ஆன், வேலை முடிஞ்சதுன்னு டாஷ்போர்டுல முதல்ல அழிச்சா, கோடுல குடுத்த டிஃபால்ட்டுக்குப் போயிடும். டிஃபால்ட் பெரும்பாலும் ஃபால்ஸ். மொத்த யூசருக்கும் ஃபீச்சர் ஆஃப்! முதல்ல கோடுல எடுங்க, எல்லா சர்வர்லயும் ஏத்துங்க, அந்த ஃபிளாக்கை யாரும் கேக்கலன்னு எண்ணிக்கை பூஜ்யம் காட்டட்டும், கடைசியா டாஷ்போர்டு. மொபைல் ஆப்னா பழைய வெர்ஷன் வச்சிருக்கவங்க கேட்டுக்கிட்டே இருப்பாங்க, அது நிக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க. ஃபிளாக் பேரைத் தேடும்போது கிட் கிரெப்பை (கோடு முழுக்கத் தேடுற கமாண்ட்) மட்டும் நம்பாதீங்க. “எனேபிள்_”னு ஒரு துண்டு, பேர் ஒரு துண்டுன்னு ஒட்டி எழுதியிருந்தா சிக்காது. யாமல், என்வ் ஃபைல், கிரான், டெஸ்ட் எல்லாத்தையும் பாருங்க.

டேட்டாபேஸ் டேபிள்ல ஒரு காலத்தை (column) நீக்குறது மூணு ரிலீஸ் வேலை. ஜாங்கோங்கிற பைத்தான் வெப் ஃப்ரேம்வொர்க்கை வச்சே சொல்றேன். காலம் “நாட் நல்” (NOT NULL, காலியா விடக்கூடாது) ஆக இருந்து, டேட்டாபேஸ்ல டிஃபால்ட்டும் இல்லன்னா, மாடல்ல எடுத்த நிமிஷமே புது இன்சர்ட் எல்லாம் விழும். அதனால முதல் ரிலீஸ்ல காலியா (NULL) விட அனுமதி. ரெண்டாவதுல ‘செபரேட்டேட்டாபேஸ்அண்ட்ஸ்டேட்’ வச்சு மாடல்ல மட்டும் எடுங்க, டேபிளைத் தொடாதீங்க. மூணாவதுல டிராப். ஏன் ஒரே ரிலீஸ்ல முடியாது? டெப்ளாய் ஓடும்போது பழைய கோடு ஓடுற பாடும் (pod, ஆப் ஓடுற ஒரு பிரதி) புது கோடு ஓடுற பாடும் கொஞ்ச நேரம் சேர்ந்தே ஓடும். ஜாங்கோ செலக்ட்ல ஒவ்வொரு காலத்தையும் பேர் சொல்லிக் கேக்கும். காலம் போயிட்டா பழைய பாடுல அந்த டேபிளைத் தொடுற ரிக்வெஸ்ட் எல்லாம் எரர்.

பின்னணி வேலைகளை க்யூல போட்டு ஓட்டுற செலரி வச்சிருக்கீங்களா? டாஸ்க்கை நீக்கினப்புறம் க்யூல பழசு மிச்சம் இருந்தா, வொர்க்கர் “அன்ரெஜிஸ்டர்டு”னு லாக்ல எழுதிட்டு மெசேஜைத் தூக்கிப் போட்டுடும். அனுப்புறதை முதல்ல நிறுத்துங்க, க்யூ காலியாகட்டும், அப்புறம் டாஸ்க்கை எடுங்க.

புரோட்டோபஃப்ல (ப்ரோகிராம்களுக்கு நடுவுல டேட்டா அனுப்புற வடிவம்) ஃபீல்டு நீக்கினா, நம்பர், பேர் ரெண்டையும் “ரிசர்வ்டு”ல போட்டே ஆகணும். அந்த நம்பரை இன்னொருத்தர் வேற பூலியனுக்கு எடுத்தா, பழைய கிளையன்ட் அனுப்புறது புது அர்த்தத்துல படிக்கப்படும். எரரே வராது. நைட் கேப்பிட்டல் ஃபிளாக் தப்பு அப்படியே இதுதான். ரிசர்வ்டு போட்டிருந்தா புரோட்டோசி (புரோட்டோபஃப் கம்பைலர்) கம்பைலே பண்ணாது. பேர் எதுக்குன்னா, ஜேசன் வடிவத்துல போறது பேர்தான்.

ஃபிளாக்குக்குக் காலாவதி தேதி வச்சு சிஐ-ல (ஒவ்வொரு மாற்றத்தையும் தானா பில்டு பண்ணி டெஸ்ட் பண்ற இடம்) பில்டை உடைக்கிற ஐடியா எனக்குச் சுத்தமா பிடிக்கல. சம்பந்தமே இல்லாதவன் பிஆர் (கோடு மாத்தச் சொல்லி அனுப்புற கோரிக்கை) செவ்வாய்க்கிழமை காலையில சிவப்பாகும், அவன் தேதியை மூணு மாசம் தள்ளிட்டுப் போவான். அந்தக் காலாவதி செக்கை ராத்திரி தானா ஓடுற நைட்லி ஜாப்ல ஓட விடுங்க, ஓனர் டீமுக்கு மட்டும் டிக்கெட் போகட்டும், பழசை எடுக்காம அந்த டீம் புது ஃபிளாக் சேர்க்க முடியாதுன்னு பூட்டுங்க. அந்த ஸ்கிரிப்ட் கீழ டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. அதுல ஓனர் காலி இருந்தா என்ன ஆகும்னு கமெண்ட்ல கேக்காதீங்க, முதல் செக்கே அதுதான்.