கண் ஆபரேஷனும் சுருக்குப் பையும்

வணக்கம். கடலூர், புதுச்சேரிப் பக்கம் ஒரு தெருவில் பத்து வீடு ஏறி இறங்கினால், புரை எடுத்து லென்ஸ் வைத்துக்கொண்ட பெரியவர் ஒருவராவது இருப்பார். கண் வார்டில் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வுபெற்றவள் நான். “தலைக்குத் தண்ணி ஊத்தாதீங்க, கண்ணைக் கசக்காதீங்க” என்று சொல்லியே என் காலம் போயிற்று.

இந்த ஆபரேஷனுக்குப் பிறகு கண்ணுக்குள் சீழ் பிடிப்பதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். ஆயிரத்தில் ஒருவருக்குக்கூட வராத தொல்லைதான். ஆனால் வந்துவிட்டால் இரண்டே நாளில் பார்வை போகலாம்.

கிருமி எங்கிருந்து வருகிறது? கேட்டால் எல்லோரும் ஆஸ்பத்திரியைத்தான் கை காட்டுவார்கள். கருவியோ மருந்தோ சுத்தமில்லாமல் ஒரே நாளில் பலருக்கு வந்ததும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் தனியாக ஒருவருக்கு வந்தால், பெரும்பாலும் அது அவருடைய இமை ஓரத்திலேயே குடியிருந்த கிருமிதான். வெளியே இருக்கும்வரை சாது. கண்ணுக்குள் நுழைந்தால்தான் வினை.

அதனால்தான் ஆபரேஷனுக்கு முன்னால் கண்ணில் பழுப்பாக ஒன்றை ஊற்றுகிறோம். 5 சதவீத பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி அது, மூன்று நிமிடம் கண்ணில் நிற்க வேண்டும். “இன்னா சிஸ்டர், மொளகாத் தூளா?” என்று திட்டியவர்கள் உண்டு. திட்டட்டும், மூன்று நிமிடம் மூன்று நிமிடம்தான்.

ஆபரேஷன் முடியும் தறுவாயில், கண்ணுக்குள்ளேயே ஆன்டிபயாடிக் மருந்தைத் துளியளவு செலுத்துவது இன்னொரு காவல். ஒரு மில்லியில் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவே. செஃபுராக்ஸிம் என்ற மருந்தை இப்படிப் போட்டால் சீழ் பிடிப்பது வெகுவாகக் குறைகிறது என்று ஐரோப்பிய ஆய்வு ஒன்று 2007இல் காட்டியது. நம் பக்கத்தில் அதற்குப் பதில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக். அரவிந்த் கண் மருத்துவமனைகளில் நடந்த 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆபரேஷன்களின் கணக்கு 2017இல் வந்தது. நம் தவளக்குப்பத்தில் இருக்கிறதே, அதே அரவிந்த்தான். மருந்து போடாதபோது 10,000 பேரில் ஏழு பேருக்கு வந்தது, போட்டபோது இரண்டு பேருக்கு. ஐந்து கண் மிச்சம்.

சரி, வீட்டுக்கு வந்த பிறகு? இங்கேதான் எனக்கு அந்தத் தேவனாம்பட்டினத்து ஆயா ஞாபகம் வரும். மீன் விற்கிறவர். ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம் கழித்துக் காட்ட வந்தார். “சொட்டு மருந்து எங்கே?” என்றேன். இடுப்பிலிருந்து சுருக்குப் பையை எடுத்தார். வெற்றிலை, பாக்கு, சில்லறை, ஒரு பஸ் டிக்கெட், நடுவில் மருந்து பாட்டில். மூடியைக் காணோம். துணித் திரியைச் சுருட்டி அடைத்திருக்கிறார், விளக்குக்குப் போடுவது மாதிரி! எப்படி விடுகிறீர்கள் என்றால், பாட்டில் மூக்கைக் கண்ணிலேயே வைத்து அழுத்திக் காட்டுகிறார். “கண்ணுல பட்டாத்தானே பாப்பா மருந்து எறங்குதுன்னு தெரியும்?”

நல்லவேளை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் பாட்டில் மூக்கு இமையில் பட்டால் மருந்தே கிருமிக்கு வீடாகிவிடும். திரும்பச் சொல்கிறேன், மூக்கு எங்கேயும் படக் கூடாது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். மல்லாந்து படுத்துக் கூரையைப் பாருங்கள். கீழ் இமையை மெல்ல இழுத்தால் பை மாதிரி விரியும். ஒரு விரல் உயரத்திலிருந்து அதில் ஒரு சொட்டு, போதும். ஆயாவுக்குப் பேரன்தான் அப்புறம் விட்டான். ஐந்தாம் வகுப்புப் பையன், பாட்டியை அதட்டி அதட்டி விட்டதாகக் கேள்வி. ஒரு வேளைக்கு ஒரு பொறை பிஸ்கட் கூலியாம்!

அடடா, நேரமாயிற்று என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். சர்க்கரையைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்திருந்தேன். சர்க்கரைக்காரர்களுக்குக் கிருமி பற்றுவது சுலபம், ஆபரேஷனுக்கு முன்பே கட்டுக்குள் வையுங்கள். பக்கத்து வீட்டு மருந்தைக் கடன் வாங்காதீர்கள். தாய்ப்பால், விளக்கெண்ணெய் எதுவும் கண்ணில் வேண்டாம். முக்கியமாக, வலி கூடினாலோ, சிவந்தாலோ, தெரிந்த பார்வை மங்கினாலோ அன்றைக்கே ஆபரேஷன் செய்த இடத்துக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமையானாலும், பொங்கலானாலும் போங்கள். வணக்கம்.