பாதயாத்திரைப் பாதையில் ஒரு முதலுதவிப் பை

விழாத் தலைவர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட நகரத்தார் பெரியவர்களே, பணிகளை ஒதுக்கிவிட்டு வந்திருக்கும் அரசு மருத்துவர் அம்மா அவர்களே, முன்வரிசையில் இருக்கும் ஆச்சிமார்களே, அண்ணன் தம்பிகளே, வணக்கம். பொன்னாடை போர்த்திய இளைஞர் மன்றத்துக்குத் தனியாக ஒரு நன்றி.

பாம்புக்கடி, வெயில் மயக்கம், எலும்பு முறிவு. பாதயாத்திரைப் பாதையில் இவற்றுக்கு முதலுதவி தெரிந்தவர்கள் வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். அதற்கு முன்னால் நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். 17 வருடம் குடித்தவன். விட்டு 4 வருடம் ஆகிறது. முதல் தடவை யாரிடமும் சொல்லாமல் வீட்டிலேயே நிறுத்தினேன். இரண்டாம் நாள் வலிப்பு வந்துவிட்டது. நெடுநாள் குடித்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படி ஆகலாம். மருத்துவர் துணையோடுதான் நிறுத்த வேண்டும். 14446 என்ற எண்ணில் கேட்டால் வழி சொல்வார்கள். அன்றைக்கு இரும்புச் சாவியோடு ஓடிவந்தவர்களை விலக்கிவிட்டு, என் அப்பத்தா என்னை ஒருக்களித்துப் படுக்க வைத்தது. "பதறாத காரியம் சிதறாது, தள்ளி நில்லுங்க" என்று சொன்னதாம்.

சரி, சிகிச்சையெல்லாம் முடிந்தது. என்னைப் போல் குடியை விட்ட நண்பர் ஒருவர் காட்டுவழி முதலுதவி வகுப்புக்கு அழைத்துப் போனார். 2 நாள் வகுப்பு. பெட்டியைத் திறந்ததும் ஸ்பிரிட் வாசம். என் நாக்கில் எச்சில் ஊறியது. ஆசிரியரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் அந்தப் புட்டியை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டு, "திறந்த காயத்துக்கு இது தேவையில்லை தம்பி, குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவு" என்றார். இன்றுவரை என் பையில் ஸ்பிரிட் கிடையாது.

அடுத்த மாதமே பிரான்மலை ஏறினோம். பாரியின் பறம்புமலை. உச்சித் தர்காவைப் பார்த்துவிட்டு இறங்கும்போது, முன்னால் போன பையன் "ஆத்தா!" என்றான். கணுக்காலில் இரண்டு புள்ளி. ஒருவர் துண்டை அவிழ்த்து இறுக்கிக் கட்ட வந்தார், இன்னொருவர் பிளேடைத் தேடினார். என் கை நடுங்கியது, ஆனால் வாயில் அப்பத்தா சொன்னதுதான் வந்தது: பதறாத காரியம் சிதறாது. கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள் என்றேன். வீங்குவதற்குள் கால் காப்பைக் கழற்றினேன். ஊன்றுகோலைக் காலோடு சேர்த்து, அசையாதபடி தளர்வாகக் கட்டினேன். கடித்த நேரத்தை அவன் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன், 10.40. பாம்பைத் தேடி அடிக்கவும் விடவில்லை. நம் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் சேர்த்துச் செய்தது. ஓரடி நடக்க விடாமல் வேட்டியில் தூளி கட்டி நால்வராகச் சுமந்தோம். அடிவாரத்தில் 108 நின்றது. பையன் பிழைத்தான். இப்போது கல்லூரியில் படிக்கிறான்.

அன்று இரவு நான் குடியை நினைக்கவே இல்லை. 17 வருடம் என்னை எல்லோரும் தாங்கிப் பிடித்தார்கள். அன்றைக்கு என் தோளில் ஒருவன் இருந்தான்.

அதனால் பெரியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தைப்பூசத்துக்குத் தேவகோட்டையிலிருந்தும் காரைக்குடியிலிருந்தும் குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நடக்கிறோம். அன்னதானத்துக்குக் குறைவே இல்லை. அதுபோல ஒவ்வொரு தங்கலிலும் முதலுதவி படித்த இரண்டு பேர் வேண்டும். அதில் ஒருவர் குடியை விட்டவராக இருக்கட்டும். மருந்தைவிட இந்த வேலை எங்களைப் பிடித்து நிறுத்தும். மார்கழி ஞாயிறுகளில் இந்த மண்டபத்தை வகுப்புக்குத் தாருங்கள். பாய் நாங்கள் கொண்டுவருகிறோம். பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்காக வாசல் திண்ணையில் நோட்டும் பேனாவும் வைத்திருக்கிறேன்.