ஊசி போட்டும் கோழி ஏன் சாகிறது? நாங்குநேரி தங்கச்சிக்குப் பதில்

அடுத்த கேள்வி நாங்குநேரி பக்கத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியது. அப்படியே வாசிக்கிறேன். "அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால் 20 கோழி வரை பெருகுகிறது. மாசி, பங்குனி வந்தால் வெள்ளையாகக் கழிந்து, கழுத்து திருகி, ஒரே வாரத்தில் இரண்டு மூன்று தவிர எல்லாம் போய்விடுகிறது. மூன்று வருடமாக இப்படித்தான். முகாமில் ஊசியும் போட்டோம். நமக்குக் கோழி ராசி இல்லை, விட்டுவிடு என்று அத்தை சொல்கிறார்கள். விட்டுவிடவா? சேவல் எத்தனை வைக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்."

விட வேண்டாம் தங்கச்சி. அத்தையிடமும் சொல்லுங்கள், இதில் ராசிக்கு ஒரு வேலையும் இல்லை. நீங்கள் சொல்கிற அடையாளமெல்லாம் வெள்ளைக்கழிச்சல். டாக்டர்கள் ராணிக்கெட் நோய் என்பார்கள். இது வைரஸ் நோய். வந்தபின் குணமாக்க மருந்து கிடையாது. சின்ன வெங்காயம், மிளகு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி எல்லாம் அரைத்து உருட்டிக் கொடுக்கிறோம். நானும் கொடுப்பேன். ஆனால் அதை நம்பி ஊசியை விட்டுவிடக் கூடாது. வருமுன் தடுப்பது ஒன்றுதான் வழி.

சரி, ஊசி போட்டும் ஏன் செத்தது? இதைத்தான் நிறையப் பேர் கேட்கிறீர்கள். கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

கால்நடைத் துறை ஊர் ஊராக நடத்துகிற கோழித் தடுப்பூசி முகாம் பெரும்பாலும் பிப்ரவரியில், இரண்டு வாரம் நடக்கும். வெயில் ஏறுகிற நேரத்தில் இந்த நோய் அதிகம் வரும் என்பதால் அப்போது வைக்கிறார்கள். நல்ல ஏற்பாடு, இலவசம், கட்டாயம் போடுங்கள். ஆனால் முகாம் ஆண்டுக்கு ஒரு தடவைதானே? நம் வீட்டுக் கோழி எல்லா மாதமும் குஞ்சு பொரிக்கிறது. முகாம் அன்றைக்கு 3 வாரக் குஞ்சாக இருந்ததற்கு அந்த ஊசி போட முடியாது. பெரிய கோழிக்குப் போடுகிற ஊசி மருந்து கொஞ்சம் வீரியமானது, 8 வாரம் ஆன பிறகுதான் போட வேண்டும். முகாம் முடிந்து பத்து நாள் கழித்துப் பொரித்த குஞ்சுக்கு ஒன்றுமே கிடைத்திருக்காது. ஊசி போடுகிறவர் காலை பத்து மணிக்கு வந்தால் பாதிக் கோழி ஓடைக்கரையில் மேய்ந்துகொண்டிருக்கும். கைக்குச் சிக்கியதற்குப் போடுவோம், மிச்சம் அப்படியே நிற்கும். அப்புறம் நோய் வரும்போது முதலில் படுப்பது அந்தக் குஞ்சுகளும் ஊசி படாத கோழிகளும்தான்.

இன்னொன்று. ஊசி போட்ட அன்றே பலன் வந்துவிடாது. உடம்பில் எதிர்ப்பு உருவாக இரண்டு வாரமாவது ஆகும். கிருமி ஏற்கெனவே உள்ளே போயிருந்தால் ஊசி அதைக் காப்பாற்றாது. பக்கத்துத் தெருவில் சாக ஆரம்பித்த பிறகு ஓடிப்போய் ஊசி போட்டு, "ஊசியால்தான் செத்தது" என்று சொல்வதை நம் ஊரில் நான் எத்தனையோ தடவை கேட்டுவிட்டேன். வயிறு நிறையப் பூச்சி இருக்கிற கோழிக்கும் ஊசி சரியாகப் பிடிக்காது. அதனால் ஊசிக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் குடற்புழு மருந்து கொடுத்துவிடுங்கள்.

இப்போது நான் செய்கிற முறையைச் சொல்கிறேன். உங்களிடம் கேட்டுக்கொள்வது இது ஒன்றைத்தான்: எந்தக் கோழி எப்போது அடைக்கு உட்கார்ந்தாலும் முட்டை வைப்பதை நிறுத்துங்கள். வருடத்துக்கு இரண்டு தடவை, மூன்று நான்கு கோழியை ஒரே நாளில் அடை வையுங்கள்.

ஏன் என்றால், ஊசி போட முடியாத சின்னக் குஞ்சுக்கு இதே வெள்ளைக்கழிச்சலைத் தடுக்கக் கண்ணிலோ மூக்கிலோ விடுகிற சொட்டு மருந்து ஒன்று உண்டு. அது ஒரு குப்பியில் 100 குஞ்சுக்காவது இருக்கும். கரைத்துவிட்டால் இரண்டு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். எட்டுக் குஞ்சுக்காக யார் ஒரு குப்பியை உடைப்பார்கள்? அதனால்தான் யாரும் போடுவதில்லை. 35, 40 குஞ்சு ஒரே வயதில் இருந்தால் உடைக்கலாம். அக்கம்பக்கத்து வீட்டிலும் அதே வாரம் பொரிக்கிற மாதிரி பேசி வைத்துக்கொண்டால் ஒரு குப்பி ஒரு தெருவுக்கே போதும். எப்படியும் உங்கள் கோழி அவர்கள் கொல்லைக்குப் போகும், அவர்கள் கோழி உங்கள் குப்பையைக் கிளறும். உங்கள் வீட்டுக்கு மட்டும் போட்டுக்கொண்டால் பாதி வேலைதான் ஆகும்.

ஒரு கோழி முந்தி அடைக்கு உட்கார்ந்தால் அதை விரட்ட வேண்டாம். இரண்டு கூமுட்டையைக் கொடுத்து உட்கார வையுங்கள், ஒரு வாரம் காத்திருக்கும். மற்றதும் உட்கார்ந்ததும், பொழுது அடைந்த பிறகு எல்லாவற்றுக்கும் நல்ல முட்டையை மாற்றி வையுங்கள். இருட்டில் மாற்றினால் கோழி முரண்டு பிடிக்காது. ஒரு கோழிக்கு 10, 12 முட்டை போதும். அடைக்கு வைக்கிற முட்டை ஒரு வாரத்துக்குள் இட்டதாக இருக்கட்டும். வெயில் காலம் என்றால் நான்கைந்து நாளுக்கு மேல் போகக் கூடாது. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பாருங்கள், கரு இல்லாததை எடுத்துவிடலாம். 21ஆம் நாள் பொரியும்.

மாதக் கணக்கு நம் திருநெல்வேலிச் சீமைக்கு இப்படி வைத்திருக்கிறேன். ஆவணி முதல் வாரம் ஒரு அடை. ஐப்பசி, கார்த்திகை மழைக்குள் குஞ்சுக்கு இறகு முளைத்துவிடும், 8 வார ஊசியும் போட்டுவிடலாம். பிப்ரவரி முகாமில் அதற்கு இன்னொரு ஊசி கிடைக்கும். மார்கழி முதல் வாரம் அடுத்த அடை. பொங்கலை ஒட்டிப் பொரிக்கும், மாசி முடிவதற்குள் 8 வாரம் ஆகிவிடும். சித்திரையில் அடை வைப்பதை நான் விட்டுவிட்டேன். அந்த வெக்கையில் முட்டையும் கெடும், கோழியும் மெலியும்.

சொட்டு மருந்து ஏழாம் நாள் ஒரு தடவை, நாலாவது வாரம் ஒரு தடவை. தாய்க்கோழி ஊசி போட்டதாக இருந்தால் அதன் எதிர்ப்பு முட்டை வழியாகக் குஞ்சுக்குக் கொஞ்சம் வரும். அது இரண்டு மூன்று வாரத்தில் கரைந்துவிடும், அதனால்தான் இரண்டாவது தடவை. எட்டாவது வாரம் இறக்கையின் கீழ்த் தோலில் ஊசி, அதைக் கால்நடை மருந்தகத்தில் டாக்டரிடம் போட்டுக்கொள்ளுங்கள். கோழி அம்மைக்கான தடுப்பூசியையும் அங்கேயே கேளுங்கள். மருந்தை வாங்கும்போது ஐஸ் போட்ட பிளாஸ்க்கோடு போங்கள். சட்டைப்பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தால் வீடு சேரும்போது அது வெறும் தண்ணீர்தான். முதல் நாள் ராத்திரியே கோழியையும் குஞ்சையும் அடைத்துவைத்து, விடியற்காலையில், வெயிலுக்கு முன் போட்டுவிடுங்கள். நம் இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறதே, சந்தேகம் என்றால் அங்கேயும் போய்க் கேட்கலாம்.

நோய் எப்படி உள்ளே வருகிறது என்பதையும் பாருங்கள். சில வருடங்களுக்கு முன் ஒரு சந்தையில் நல்ல செவலைச் சேவல் ஒன்றைப் பார்த்து ஆசைப்பட்டு வாங்கி, அன்றைக்கே மற்ற கோழிகளோடு விட்டேன். 31 கோழியில் 5 மிஞ்சியது. அடைக்கோழி ஒன்று முட்டை மேலேயே செத்துக் கிடந்ததை இன்னும் மறக்க முடியவில்லை. புதுக்கோழி எதுவானாலும் வீட்டின் மறுபக்கம் தனியாகப் பஞ்சாரத்தில் 3 வாரம் வையுங்கள். பழைய கோழிக்குத் தீனி வைத்துவிட்டுப் புதியதற்கு வையுங்கள், மாற்றிச் செய்ய வேண்டாம். கோயில் கொடைத் திருவிழாவுக்குக் கொண்டுபோய்த் திரும்பி வந்த சேவலுக்கும் இதே கணக்குதான். பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்து, சொந்தக்காரர்களோடு கறி சமைப்போம். அந்தக் கோழி கழுவின தண்ணீரையும் குடலையும் கொல்லையில் கொட்டினால் நம் கோழி வந்து கிளறும். அதில் கிருமி இருந்தால் அவ்வளவுதான். குழி தோண்டிப் புதையுங்கள். செத்த கோழியையும் குளத்திலோ ஓடையிலோ எறியாமல் ஆழமாகக் குழி எடுத்து, சுண்ணாம்பு தூவி மூடுங்கள்.

கூடு விஷயம் சுருக்கமாக. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருக்கட்டும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரை ஊர்களில் தரையோடு கட்டிய கூட்டுக்குள் தண்ணீர் புகுந்து எத்தனை பேர் கோழியைப் பறிகொடுத்தார்கள். கீரி தோண்டி வரும், மரநாய் ஓட்டைப் பிரித்து மேலிருந்து இறங்கும், அதனால் எல்லாப் பக்கமும் அரை அங்குலக் கம்பிவலை அடியுங்கள். ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி இடம் வேண்டும். உள்ளே உமியோ தேங்காய் நார்த்தூளோ போட்டு, ஈரமாகாமல் கிளறிவிடுங்கள். ஈரம் இருந்தால் குஞ்சுக்கு ரத்தக்கழிச்சல் வரும், அது வேறு நோய், அதற்கு மருந்து உண்டு. ராத்திரி முருங்கை மரத்தில் ஏறி அடைகிற கோழியைச் சின்னதிலேயே கூட்டுக்குப் பழக்குங்கள்.

தீனிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். மேய்கிற கோழிக்குச் சாயங்காலம் ஆளுக்கு ஒரு கைப்பிடி கம்போ குருணையோ போதும். போடும்போதே எண்ணிவிடுங்கள். எந்தக் கோழி வரவில்லை, எது தள்ளி நிற்கிறது என்பது அப்போது தெரியும். குஞ்சுக்குக் கரையான் மாதிரி ஒரு தீனி கிடையாது. பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் அடைத்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் கரையான் இருக்கிற மண்ணில் கவிழ்த்து வையுங்கள். காலையில் தூக்கினால் நிறைய இருக்கும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கை மட்டும் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் போடாதீர்கள்.

சேவல் கேட்டீர்களே, 8 முதல் 10 பெட்டைக்கு ஒன்று. உங்களுக்கு இப்போது மிஞ்சியிருக்கிற இரண்டு மூன்றை விற்றுவிடாதீர்கள் தங்கச்சி. அது அந்த நோயிலும் பிழைத்த கோழி. ஆனால் பிழைத்த கோழி கொஞ்ச நாள் கிருமியைப் பரப்பலாம், அதனால் புதுக்கோழி வாங்க அவசரப்பட வேண்டாம். கூட்டைச் சுரண்டிக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, இரண்டு மாதம் போகட்டும். ஆவணியில் அடை வைத்துவிட்டு, பொரித்த தேதியைக் கூட்டுக் கதவிலேயே கரியால் எழுதுங்கள். அதன் கீழே ஏழாம் நாள், நாலாம் வாரம், எட்டாம் வாரம் என்று மூன்று தேதியையும் எழுதிவிடுங்கள்.